'லவ்வர்' ஆல்பத்தின் சிங்கிள்களை மாற்றி அடுக்கினால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கப் பாப் பாடகி டெய்லர் ஸ்விஃப்டின் ஏழாவது ஆல்பமான 'லவ்வர்' 2019 ஆகஸ்ட் 23 அன்று வந்தது. மொத்தம் 18 பாட்டுகள். அவற்றில் எதை முதலில் வெளியே விட்டார்கள், எதை உள்ளேயே வைத்துவிட்டார்கள் என்ற பேச்சு வந்துவிட்டால் எனக்கு நேரம் போவதே தெரியாது. அப்போதெல்லாம் நண்பர்கள் கேட்கும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். என் கட்சி என்னவென்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆல்பத்தில் குறை இல்லை. உள்ளே வர மக்களுக்குக் காட்டிய வாசல்தான் தவறு.

ஆல்பம் முழுவதும் ஒரே நாளில் போனில் கிடைத்துவிடுகிறது. சிங்கிள் என்று தனியாக ஒன்று எதற்கு?

நம் ஊரில் படம் வருவதற்குப் பல வாரம் முன்பே 'ஃபர்ஸ்ட் சிங்கிள்' என்று ஒரு பாட்டு வருகிறதே, அதே சொல்தான், ஏறக்குறைய அதே வேலைதான். அமெரிக்க பாப் உலகில் அதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. ஒரு பாட்டைச் சிங்கிள் என்று முடிவு செய்தால், லேபிள், அதாவது பாட்டை வெளியிடும் இசை நிறுவனம், அதை ரேடியோ நிலையங்களுக்கு அனுப்பி, இந்தத் தேதியிலிருந்து போடுங்கள் என்று கேட்கும். வீடியோவுக்கான பணம், டிவி நிகழ்ச்சி, விருது மேடை எல்லாம் அந்தப் பாட்டைச் சுற்றியே நகரும்.

முன்பெல்லாம் கடையில் தனி வட்டாகவோ கேசட்டாகவோ விற்பனைக்கு வராத பாட்டு, அமெரிக்காவில் வாராவாரம் முன்னணிப் பாட்டுகளை வரிசைப்படுத்தும் பில்போர்டின் ஹாட் 100 பட்டியலில் ஏறவே முடியாது. 1998 டிசம்பரில் அந்த விதியை எடுத்துவிட்டார்கள். இப்போது எந்தப் பாட்டும் ஏறலாம். 'லவ்வர்' வந்த வாரத்தில் அதன் 18 பாட்டுகளும் அந்தப் பட்டியலில் இருந்தன. ஆக, இன்றைக்குச் சிங்கிள் என்றால் லேபிள் பின்னால் நின்று தள்ளுகிற பாட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தள்ளல் அவ்வளவு முக்கியமா என்றால், முக்கியம்தான். ரேடியோ மெதுவாக நகரும் ஊடகம். பாட்டின் ஒரு சிறு துண்டை நேயர்களுக்குப் போட்டுக்காட்டி, தெரிகிறதா, பிடிக்கிறதா, சலித்துவிட்டதா என்று கேட்டுக் கேட்டுத்தான் ஒலிபரப்பைக் கூட்டுவார்கள் அல்லது குறைப்பார்கள். ஒரு பாட்டு உச்சிக்குப் போகப் பல வாரம் ஆகும். அதனால் ஒரு ஆல்பத்துக்கு நாலைந்து வாய்ப்புகள்தான் கிடைக்கும். அதில் ஒன்றை வீணாக்கினால் திரும்ப வாங்க முடியாது.

சரி, உண்மையில் எந்த வரிசையில் வந்தன?

2019 ஏப்ரல் 26 அன்று 'மீ!' வந்தது. பேனிக்! அட் தி டிஸ்கோ இசைக்குழுவின் பிரெண்டன் யூரியும் கூடப் பாடியிருந்தார். அமெரிக்கக் கிழக்குக் கரையில் நள்ளிரவு, இந்தியாவில் காலை ஒன்பதரை மணி. ஜூன் 14 அன்று 'யூ நீட் டு காம் டவுன்'. ஜூலை 23 அன்று 'தி ஆர்ச்சர்', ஆனால் அது ரேடியோவுக்குப் போகாத முன்னோட்டப் பாட்டு. ஆகஸ்ட் 16 அன்று ஆல்பத்தின் பெயரையே கொண்ட 'லவ்வர்', அடுத்த வாரம் ஆல்பம்.

அப்புறம் ஐந்து மாதம் புதிதாக எந்தப் பாட்டும் சிங்கிளாக வரவில்லை. 2020 ஜனவரி 27 அன்றுதான் 'தி மேன்' வந்தது. அது கால் ஊன்றுவதற்குள் மார்ச்சில் கொரோனா வந்து உலகத்தை மூடிவிட்டது. அந்தக் கோடையில் நடக்க வேண்டிய 'லவ்வர் ஃபெஸ்ட்' மேடைகள் ரத்தாயின. ஆல்பத்தின் இரண்டாவது பாட்டான 'க்ரூயல் சம்மர்' 2023 ஜூன் 20 அன்றுதான் ரேடியோவுக்குச் சிங்கிளாகப் போனது. அதே ஆண்டு அக்டோபர் 28 தேதியிட்ட ஹாட் 100 பட்டியலில் முதலிடத்துக்கு வந்தது. ஆல்பம் வந்து நான்கு வருடம் கழித்து!

'மீ!' இரண்டாம் இடம்வரை போன பாட்டு. அதை எப்படித் தவறு என்கிறீர்கள்?

எண்களை வைத்துப் பார்த்தால் அது தோல்வி இல்லை. வீடியோவை முதல் 24 மணி நேரத்தில் 6.52 கோடி முறை பார்த்தார்கள். ஹாட் 100-ல் முதல் வாரம் நூறாவது இடம், அடுத்த வாரம் இரண்டாவது இடம். ஒரே வாரத்தில் 98 இடம் தாண்டியது அன்றைக்குச் சாதனை.

என் குறை வேறு. இதற்கு முந்தைய ஆல்பமான 'ரெப்யூட்டேஷன்' 2017-ல் வந்தது. கருப்பு உடை, பாம்பு, கோபம். அதிலிருந்து வெளியே வந்துவிட்டேன் என்று ஸ்விஃப்ட் சொல்ல நினைத்தார். நாஷ்வில்லில் ஒரு சுவரில் பெரிய பட்டாம்பூச்சிச் சிறகுகளை வரையச் செய்து, அதன் முன்னால் வந்து நின்றார். நிறம் மாறிவிட்டது என்று காட்ட அதைவிட அழகான வழி இல்லை. மறுநாள் வந்த பாட்டு அந்த நிறத்தை மட்டும் காட்டியது. துள்ளல், தாரை தப்பட்டை, நடுவில் எழுத்துக்கூட்டுவது பற்றிக் குழந்தைகளிடம் பேசுவதுபோல ஒரு வசனம். அன்றைக்கு அதைக் கேட்டவர்களில் பலர், இந்த ஆல்பம் நமக்கானது இல்லை என்று ஒதுங்கிவிட்டார்கள். என்னைச் சுற்றி இருந்தவர்களே அப்படித்தான் சொன்னார்கள்.

ஆனால் ஆல்பத்துக்குள் இருப்பது என்ன? நியூயார்க்கின் ஒரு தெருவில் தொடங்கிய காதல் முறிந்தால் அந்தத் தெருவில் இனி எப்படி நடப்பேன் என்று பயப்படும் 'கார்னீலியா ஸ்ட்ரீட்'. அம்மாவின் புற்றுநோயைப் பற்றிய 'சூன் யூ வில் கெட் பெட்டர்'. சாக்ஸஃபோன் மெல்லக் கசிந்துகொண்டே இருக்கும் 'ஃபால்ஸ் காட்'. முப்பது வயதைத் தொடப்போகும் ஒரு பெண் தன் காதலையும் அச்சத்தையும் எடுத்து வைத்த ஆல்பம் இது. அதன் வாசலில் ரங்கராட்டினத்தைக் கொண்டுபோய் நிறுத்தியதுபோல ஆகிவிட்டது.

இன்னொன்றும் உண்டு. அந்த எழுத்துக்கூட்டல் வசனம் ஆல்பத்தில் இல்லை. ஆகஸ்டில் வந்த வடிவத்தில் அதை எடுத்துவிட்டார்கள். அந்த நீக்கத்தை நான் ஒரு ஒப்புதலாகவே எடுத்துக்கொள்கிறேன்.

லேசான பாட்டை முதலில் விடுவது அவர் வழக்கம்தானே? 2014-ல் அது வேலை செய்ததே?

செய்தது. ஏன் செய்தது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. 2014-ல் வந்த '1989' என்ற ஆல்பத்தின் முதல் சிங்கிள் 'ஷேக் இட் ஆஃப்'. கன்ட்ரி என்ற அமெரிக்க நாட்டுப்புற இசையை முழுதாக விட்டுவிட்டுப் பாப்புக்கு வந்துவிட்டேன் என்பதுதான் அந்த ஆல்பத்தின் சேதி. பாட்டும் அதையேதான் சொன்னது. அதை நம்பி உள்ளே போனவர்களுக்கு உள்ளேயும் பாப்தான் கிடைத்தது. அடுத்து வந்த 'பிளாங்க் ஸ்பேஸ்' முதல் பாட்டையே முதலிடத்திலிருந்து இறக்கிவிட்டு அங்கே உட்கார்ந்தது. ஹாட் 100 வரலாற்றில் தன் பாட்டைத் தானே முதலிடத்திலிருந்து இறக்கிய முதல் பெண் அவர்தான். அந்த ஆல்பத்திலிருந்து மூன்று பாட்டுகள் முதலிடம் போயின.

2019-ல் அதே உத்தியை எடுத்தார்கள். ஆனால் ஆல்பம் வேறு மாதிரி ஆல்பம்.

'ஓல்ட் டவுன் ரோடு' இல்லாவிட்டால் 'மீ!' முதலிடம் போயிருக்குமே? இது வெறும் துரதிர்ஷ்டம் இல்லையா?

லில் நாஸ் எக்ஸின் 'ஓல்ட் டவுன் ரோடு' அந்த ஆண்டு ஏப்ரலில் முதலிடத்தில் ஏறி, 19 வாரம் அசையவே இல்லை. அதுவரை யாரும் அவ்வளவு காலம் அங்கே இருந்ததில்லை. 'மீ!' இரண்டாமிடத்தில் நின்றதற்கும், 'யூ நீட் டு காம் டவுன்' இரண்டாமிடத்தில் நின்றதற்கும் அதுதான் காரணம். ஆகஸ்ட் பாதியில்தான் இறங்கியது.

ஆகவே கோடையில் எதை விட்டிருந்தாலும் முதலிடம் கிடைத்திருப்பது கடினம். இதை நான் மறுக்கவில்லை. ஆனால் இதே காரணம் என் பக்கமும் பேசுகிறது. முதல் வாரத்தில் வெடித்து அடுத்த வாரமே சரியும் பாட்டுக்கு எதிரே மலை நின்றால் வழியே இல்லை. மாதக்கணக்கில் மெல்ல ஏறும் பாட்டு என்றால், மலை நகரும்வரை காத்திருக்கும். ஜூனில் விட்ட அப்படியொரு பாட்டு செப்டம்பரில் தன் உச்சத்தில் இருந்திருக்கும். அப்போது எதிரே அந்தப் பாட்டு இல்லை.

'க்ரூயல் சம்மர்' பாட்டில் அப்படி என்ன இருக்கிறது?

மூன்று நிமிடத்துக்கு இரண்டு விநாடி குறைவு. ஸ்விஃப்ட், ஜாக் அன்டனாஃப், செயின்ட் வின்சென்ட் மூவரும் சேர்ந்து எழுதியது. வெளியே சொல்ல முடியாத ஒரு காதல், இது நிலைக்குமா என்று தெரியாத ஒரு கோடைக்காலம். 'ரெப்யூட்டேஷன்' ஆல்பத்தின் இருட்டும் 'லவ்வர்' ஆல்பத்தின் வெளிச்சமும் அதில் ஒரே நேரத்தில் இருக்கின்றன. முந்தைய ஆல்பத்திலிருந்து இந்த ஆல்பத்துக்கு வர ஒரு பாலம் வேண்டும் என்றால், அது ஏற்கெனவே எழுதி முடித்துத் தயாராக இருந்தது.

அப்புறம் அதன் பிரிட்ஜ். பல்லவியும் சரணமும் இரண்டு முறை வந்து போனபின், மெட்டு மாறி, கூட்டம் சேர்ந்து கத்துவதற்கென்றே எழுதியதுபோல ஒரு பகுதி வரும். 2023 மார்ச் 17 அன்று அரிசோனாவின் கிளெண்டேலில் தொடங்கிய ஈராஸ் டூர் என்ற அவருடைய இசைச் சுற்றுப்பயணத்தில், இது மாலையின் இரண்டாவது பாட்டு. அந்த இரவின் முதல் பிரிட்ஜ் இது, சேர்ந்து பாடுங்கள் என்று அவர் சொல்ல, அரங்கமே அதைக் கத்தும். அந்தச் சத்தம்தான் இந்தப் பாட்டை உலகத்துக்கு மறுபடி கொண்டுபோனது. ஒரு லேபிள் கோடிக்கணக்கில் செலவு செய்தாலும் அப்படி ஒரு சத்தத்தை வாங்க முடியாது.

உங்கள் கையில் கொடுத்தால் எப்படி அடுக்குவீர்கள்?

ஏப்ரலில் எதுவும் விடமாட்டேன். பட்டாம்பூச்சிச் சுவர் மட்டும் இருக்கட்டும். ஆல்பத்துக்கு நான்கு மாதம் முன்பே தொடங்கியது மிக நீளம். அத்தனை நாள் ஆவலைத் தாங்கிப் பிடிக்க இரண்டு துள்ளல் பாட்டுகளால் முடியவில்லை.

மே கடைசியில் 'தி ஆர்ச்சர்'. ரேடியோ வேண்டாம், பெரிய வீடியோ வேண்டாம். இரவில் சத்தமில்லாமல் வரட்டும், ஆல்பத்தின் பெயரையும் தேதியையும் அதோடு சேர்த்துச் சொல்லிவிடலாம்.

ஜூன் 7, வெள்ளிக்கிழமை, 'க்ரூயல் சம்மர்'. இதுதான் முதல் முழுச் சிங்கிள். ரேடியோ, வீடியோ, விருது மேடை எல்லாம் இதற்கே. கோடை தொடங்கும்போது, பெயரிலேயே கோடை இருக்கும் பாட்டு. இதைவிட வேறு என்ன வேண்டும்?

ஜூன் 28 அன்று 'யூ நீட் டு காம் டவுன்', வீடியோவாக. இதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

ஆகஸ்ட் 16 அன்று 'லவ்வர்'. இதில் கை வைக்க மாட்டேன். ஆல்பத்துக்கு ஒரு வாரம் முன்னால், அவர் தனியாக எழுதிய அந்த வால்ட்ஸ் நடைப் பாட்டு வந்தது மிகச் சரியான முடிவு. பத்தாவது இடம்வரை போனது, ஆண்டின் சிறந்த பாட்டுக்கான கிராமி பரிந்துரையும் பெற்றது.

ஆகஸ்ட் 23 அன்று ஆல்பம். 'மீ!' வீடியோவும் அன்றைக்கே. ஆல்பத்தை வாங்கியவர்களுக்கு அது ஒரு கொண்டாட்டமாக இருக்கும். அதற்கு முன் யாரும் அதை வைத்து ஆல்பத்தை எடை போட்டிருக்க மாட்டார்கள்.

நவம்பர் முதல் வாரத்தில் 'தி மேன்'. ஜனவரி கடைசி இல்லை, நவம்பர்.

அதன்பின் 2020 வசந்தத்தில் 'பேப்பர் ரிங்ஸ்' அல்லது 'டெத் பை எ தவுசண்ட் கட்ஸ்'. இந்த இரண்டில் எது என்பதில் நான் இன்னும் மாறிக்கொண்டே இருக்கிறேன். இன்று கேட்டால் இரண்டாவது.

'தி ஆர்ச்சர்' மெதுவான பாட்டு. அதை முதலில் விட்டால் எல்லோரும் தூங்கிவிட மாட்டார்களா?

அதை ஹிட் ஆக்குவதற்காக நான் முதலில் வைக்கவில்லை. அந்தப் பாட்டில் தாளம் வருமா வருமா என்று கடைசிவரை எதிர்பார்க்க வைப்பார்கள், வரவே வராது. ஒரே மூச்சாக ஏறிக்கொண்டே போகும். நான்தான் என் உறவுகளை எல்லாம் கெடுத்துக்கொள்கிறேனோ என்று ஒருவர் தன்னையே கேட்டுக்கொள்ளும் பாட்டு அது. பாம்பும் கோபமுமாக இருந்தவரின் குரல் இரண்டு வருடம் கழித்து முதன்முதலாகக் கேட்கும்போது இப்படி ஒரு பாட்டில் கேட்டிருந்தால், எதையோ உண்மையாகச் சொல்ல வருகிறார் என்று ஜனங்கள் காது கொடுத்திருப்பார்கள். அடுத்து ஒரு வாரத்தில் 'க்ரூயல் சம்மர்' வந்து விழும். அந்த அமைதிக்குப் பின் வந்தால் அதன் வேகம் இரண்டு மடங்காகக் கேட்கும்.

அவருடைய ஆல்பங்களில் ஐந்தாவது பாட்டு மனதைத் திறந்து காட்டுவதாக இருக்கும் என்பது ரசிகர்கள் எல்லோருக்கும் தெரியும். 'தி ஆர்ச்சர்' இந்த ஆல்பத்தின் ஐந்தாவது பாட்டு. ஐந்தாவது பாட்டை முதலில் தருவது அவர்களுக்கு மட்டும் புரிகிற ஒரு சைகையாகவும் இருந்திருக்கும்.

'யூ நீட் டு காம் டவுன்' ஏன் ஜூன் 28?

இந்தப் பாட்டு வெறுப்புப் பேச்சைப் பற்றியது, குறிப்பாக மாற்றுப் பாலினத்தவர், ஒருபாலீர்ப்பாளர்கள் மீது காட்டப்படும் வெறுப்பைப் பற்றியது. வீடியோவின் முடிவில், அமெரிக்காவின் சமத்துவச் சட்டத்துக்கு ஆதரவாகக் கையெழுத்துப் போடும்படி வேண்டுகோள் வரும். ஜூன் மாதம் அவர்களுடைய சுயமரியாதை மாதம் (பிரைட்) என்பதால் அதை ஜூனிலிருந்து நகர்த்தவே முடியாது, நகர்த்தவும் கூடாது.

ஆனால் 2019 ஜூன் 28 சாதாரண நாள் இல்லை. நியூயார்க்கின் ஸ்டோன்வால் மதுவிடுதியில் காவல்துறைக்கு எதிராக எழுந்த போராட்டத்துக்கு அன்றோடு சரியாக 50 ஆண்டு. நாட்காட்டியைப் பார்த்தபோது எனக்கு உடல் சிலிர்த்தது: அன்று வெள்ளிக்கிழமை. 2015-லிருந்து உலகம் முழுவதும் புதுப் பாட்டுகள் வரும் கிழமை. அந்த நாளில் வந்திருந்தால், இதைப் பட்டியலில் ஏற வந்த பாட்டு என்று யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். ரேடியோவுக்கு அனுப்பாமல், கையெழுத்து இயக்கத்தோடு சேர்ந்த வீடியோவாக மட்டும் விட்டிருக்கலாம். அந்த ஆண்டு எம்டிவி விழாவில் ஆண்டின் சிறந்த வீடியோ விருது வாங்கிய படைப்பு அது. வீடியோவாகத்தான் அதன் பலமே.

'தி மேன்' நவம்பரில் என்றால் என்ன மாறியிருக்கும்?

என் பட்டியலில் எனக்கு மிகவும் வலிக்கும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

2019 ஜூன் 30 அன்று, ஸ்விஃப்டின் முதல் ஆறு ஆல்பங்களின் மாஸ்டர் உரிமையை, அதாவது மூல ஒலிப்பதிவுகளின் உரிமையை, வைத்திருந்த பிக் மெஷின் நிறுவனத்தை, இசைக் கலைஞர்களின் மேலாளரான ஸ்கூட்டர் பிரானின் நிறுவனம் வாங்கிவிட்டதாகச் செய்தி வந்தது. தன் பாட்டுகள் தன் கையில் இல்லை என்ற வேதனையை ஸ்விஃப்ட் வெளிப்படையாக எழுதினார். அந்தச் சண்டை நவம்பரில் உச்சத்துக்குப் போனது. நவம்பர் 24 அன்று அமெரிக்கன் மியூசிக் அவார்ட்ஸ் மேடையில் அவருக்குப் பத்தாண்டின் சிறந்த கலைஞர் விருது. அன்று அவர் வெள்ளைச் சட்டை அணிந்து வந்தார். அதில் தன் ஆறு ஆல்பங்களின் பெயர்களும் அச்சிட்டிருந்தன. முதலில் பாடியது 'தி மேன்'.

நான் ஆணாக இருந்திருந்தால் என்னை எப்படிப் பேசியிருப்பார்கள் என்று கேட்கும் பாட்டு. அந்தச் சட்டையோடு, அந்த மேடையில். நாடே பார்த்துக்கொண்டிருந்தது. ஆனால் அன்றைக்கு அந்தப் பாட்டு சிங்கிள் இல்லை! மறுநாள் காலை ரேடியோவைத் திருப்பினால் அது வராது. இரண்டு மாதம் கழித்து, சூடு ஆறியபின், சிங்கிளாக அறிவித்தார்கள். வீடியோ வந்தது பிப்ரவரி 27 அன்று. அடுத்த சில நாட்களில் உலகம் வேறு செய்திக்குப் போய்விட்டது. ஆல்பம் வந்த வாரத்தில் தானாகவே 23-வது இடத்தைத் தொட்ட பாட்டு, சிங்கிள் ஆனபிறகும் அதைத் தாண்டவில்லை.

ஆல்பம் வந்தபின் முதல் ஐந்து மாதத்தைத் 'லவ்வர்' பாட்டு ஒன்றின் தோளில் மட்டும் ஏற்றிவிட்டார்கள். இடையில் ஷான் மென்டஸோடு அதற்கு ஒரு மறுவடிவம் வந்தது, டிசம்பரில் ஒரு கிறிஸ்துமஸ் பாட்டு வந்தது. ஆல்பத்திலிருந்து புதிதாக எதுவும் இல்லை. அது இசைத்துறையில் மிகச் சூடான பருவம்.

நடந்து முடிந்தபின் சொல்வது சுலபம். 2019-ல் யாருக்குத் தெரியும்?

கொரோனா வரும் என்று யாருக்கும் தெரியாது. அதற்காக யாரையும் குறை சொல்லவில்லை. ஆனால் 'க்ரூயல் சம்மர்' நல்ல பாட்டு என்பது அன்றே தெரிந்த விஷயம். வீடியோ இல்லை, ரேடியோ இல்லை, எந்தத் தள்ளலும் இல்லாமல் ஆல்பம் வந்த வாரமே அது 29-வது இடத்தில் வந்து நின்றது.

ஸ்விஃப்டுக்கே தெரியும். 2023 ஜூனில் பிட்ஸ்பர்க் மேடையில் அவர் இதைச் சொன்னார்: ஆல்பத்தில் தனக்கு மிகவும் பெருமையான பாட்டு அதுதான் என்றும், அது சிங்கிளாக வர வேண்டியது, பெருந்தொற்று தடுத்துவிட்டது என்றும். அப்படியென்றால் அதை 2020 கோடைக்காக எடுத்து வைத்திருந்தார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. நல்ல பட்டுப்புடவையைப் பெட்டியில் வைத்துப் பூட்டி, அடுத்த கல்யாணத்துக்குக் கட்டிக்கொள்ளலாம் என்று இருப்பதுபோல. அடுத்த கல்யாணம் நடக்கவில்லை.

ஆல்பம் எப்படியும் விற்றதே? பிறகென்ன?

விற்றது. முதல் வாரம் அமெரிக்காவில் 8.67 லட்சம் ஆல்பங்களுக்குச் சமமான கணக்கு. அதில் 6.79 லட்சம் நேரடி விற்பனை. அவருடைய பழைய நாட்குறிப்புப் பக்கங்களை அச்சிட்டு இணைத்த நான்கு தனிப் பதிப்புகளும் அதற்கு உதவின. ரசிகர்கள் நான்கையும் வாங்கினார்கள்.

ஆனால் இந்த முதல் வாரக் கணக்கு, ஏற்கெனவே அவர் பக்கம் இருப்பவர்களின் கணக்கு. எந்தப் பாட்டு முன்னால் வந்திருந்தாலும் அவர்கள் வாங்கியிருப்பார்கள். சிங்கிளின் வேலை மற்றவர்களைக் கூட்டிவருவது. 2019 விதிப்படி, சந்தா கட்டிக் கேட்பவர்கள் ஒரு ஆல்பத்தின் பாட்டுகளை 1,250 முறை ஓடவிட்டால்தான் அது ஓர் ஆல்பம் விற்றதற்குச் சமம். மாதக்கணக்கில் ஓடும் ஒரு பாட்டு இருந்தால்தான் அந்த எண்ணிக்கை சேரும். முந்தைய 'ரெப்யூட்டேஷன்' முதல் வாரத்தில் நேரடி விற்பனையில் மட்டும் 12.16 லட்சம் செய்திருந்தது. இந்த வித்தியாசம் முழுவதையும் சிங்கிள் வரிசையின் தலையில் கட்ட மாட்டேன், காலமும் மாறிக்கொண்டிருந்தது. ஒரு பங்கு அதற்கு உண்டு என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

வேறு யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

மைக்கேல் ஜாக்ஸனின் 'த்ரில்லர்' ஆல்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1982-ல் அதிலிருந்து முதலில் வந்தது பால் மெக்கார்ட்னியுடன் பாடிய 'தி கேர்ள் இஸ் மைன்' என்ற மென்மையான பாட்டு. அதுவும் இரண்டாமிடம்தான். ஆல்பத்தின் உண்மையான வேகம் அதில் இல்லை. ஆனால் 1983 ஜனவரியிலேயே 'பில்லி ஜீன்' வந்து எல்லாவற்றையும் மாற்றிவிட்டது. முதல் அடி சறுக்கினாலும் இரண்டாவது அடியைத் தாமதிக்கவில்லை. அந்த ஆல்பத்திலிருந்து ஏழு பாட்டுகள் முதல் பத்துக்குள் வந்தன.

லிஸோவின் 'ட்ரூத் ஹர்ட்ஸ்' 2017-ல் வந்த பாட்டு. ஒரு நெட்ஃபிளிக்ஸ் படத்திலும் டிக்டாக்கிலும் பிரபலமாகி 2019 செப்டம்பரில் முதலிடம் போனது, அதாவது 'லவ்வர்' வந்த அதே நாட்களில். பழைய பாட்டைத் தூக்கிவிட முடியும் என்பதற்கான சான்று அன்றைக்கே கண்ணெதிரே இருந்தது.

ஸ்விஃப்டின் இன்னொரு பாட்டும் உண்டு. 2012-ல் 'ரெட்' ஆல்பத்தில் 'ஆல் டூ வெல்' சிங்கிள் ஆகவே இல்லை. 2021-ல் அதன் பத்து நிமிட வடிவம் வந்து முதலிடம் பிடித்தது. இரண்டு முறை அவருடைய நல்ல பாட்டு பல வருடம் உள்ளேயே காத்திருந்தது.

2023-ல் 'க்ரூயல் சம்மர்' முதலிடம் போனது வெறும் ரசிகர்களின் வேலையா?

பெரும்பகுதி அவர்களுடையதுதான். கடைசி உந்தலை லேபிள் கொடுத்தது. அக்டோபர் 13 அன்று ஈராஸ் டூர் திரைப்படம் திரையரங்குகளுக்கு வந்தது. அதற்கடுத்த நாட்களில் பாட்டின் மேடைப் பதிவையும் ஒரு ரீமிக்ஸையும் வெளியிட்டார்கள். ரேடியோ, ஸ்ட்ரீமிங், விற்பனை மூன்றும் ஒரே வாரத்தில் சேர்ந்தன. மொத்தம் நான்கு வாரம் முதலிடத்தில் இருந்தது. ஒழுங்காகத் தள்ளினால் அந்தப் பாட்டு எங்கே போகும் என்பதை நான்கு வருடம் கழித்து அவர்களே காட்டிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு அவர் தன் வழியை மாற்றிக்கொண்டாரா?

முழுவதுமாக. 2020 ஜூலை 24 அன்று 'ஃபோக்லோர்' வந்தது, ஒரு நாள்கூட முன்னறிவிப்பு இல்லை. முன்சிங்கிளும் இல்லை. 'எவர்மோர்', 'மிட்நைட்ஸ்', 'தி டார்ச்சர்ட் பொயட்ஸ் டிபார்ட்மென்ட்', 2025-ல் 'தி லைஃப் ஆஃப் எ ஷோகேர்ல்' என்று புதிய ஆல்பம் எதற்கும் அவர் முன்கூட்டியே ஒரு பாட்டை விடவில்லை. ஆல்பமும் முதல் சிங்கிளும் ஒரே நாளில் வரும். 2022-ல் 'மிட்நைட்ஸ்' வந்தபோது ஹாட் 100-ன் முதல் பத்து இடமும் அதன் பாட்டுகளுக்கே போயின. ஒரு பாட்டை வைத்து ஆல்பத்தை முன்கூட்டியே எடை போட யாருக்கும் இப்போது வழி இல்லை.

எனக்கு இதில் மகிழ்ச்சியும் உண்டு, சின்ன வருத்தமும் உண்டு. ஒரு பாட்டோடு ஒரு கோடை முழுவதும் காத்திருக்கும் சுகம் இதில் கிடைப்பதில்லை.

நான் இந்த ஆல்பத்தைக் கேட்டதே இல்லை. எதிலிருந்து தொடங்குவது?

இரவில் 'தி ஆர்ச்சர்'. மறுநாள் பகலில், முடிந்தால் பஸ்ஸில் போகும்போது, சத்தமாக 'க்ரூயல் சம்மர்'. அப்புறம் 'லவ்வர்', 'தி மேன்', 'கார்னீலியா ஸ்ட்ரீட்'. இந்த ஐந்தும் பிடித்தால் முதல் பாட்டிலிருந்து வரிசையாக வாருங்கள். 'மீ!' பதினாறாவதாக வரும். அதற்கு முந்தைய 'ஆஃப்டர்குளோ' மன்னிப்புக் கேட்கும் பாட்டு. அந்தக் கனத்துக்குப் பின் வரும்போது 'மீ!' எவ்வளவு சரியாகப் பொருந்துகிறது என்று கேட்டுப் பாருங்கள். கடைசிப் பாட்டான 'டெய்லைட்' முடிவில் அவர் பாடுவதை நிறுத்திவிட்டுப் பேசத் தொடங்குவார். பாட்டு முடிந்துவிட்டது என்று நினைத்து அதற்குள் நிறுத்திவிடாதீர்கள்.